உள் கேபினா, ஜன்னலா, பால்கனியா: கப்பலில் அப்கிரேட் கேட்கும் முன்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போகும் மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு, கிளம்புவதற்கு முன்பு ஒரு மின்னஞ்சல் வருவதுண்டு. உங்கள் கேபினைவிட நல்ல கேபின் வேண்டுமானால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டிருப்பார்கள். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் இந்த ஏலத்துக்கு வைத்திருக்கும் பெயர் ராயல்அப். உடனே எல்லோர் கண்ணும் பால்கனி மேல்தான் போகும். எனக்கென்னவோ இந்த வழித்தடத்தில் பால்கனிக்கு இருக்கும் மவுசு கொஞ்சம் அதிகம் என்றே தோன்றுகிறது.

முதலில், கையில் இருக்கும் உள் கேபின். ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. தூங்குகிறவர்களுக்கு அதுவே வசதி. ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் பல உள் கேபின்களின் சுவரில், தரையிலிருந்து கூரை வரை 80 அங்குலத் திரை ஒன்று உண்டு. வெளியே இருக்கும் கேமரா காட்டும் கடல் அதில் நேரலையாக ஓடும். கைப்பிடிக் கம்பிகூட வரைந்து வைத்திருப்பார்கள். காலையில் திரையைப் போட்டால் விடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம், எரிச்சலாக இருந்தால் அணைத்துவிடலாம். அறை சுமார் 166 சதுர அடி. பால்கனி அறை சுமார் 198, பால்கனி தனியாக 55. அதாவது அறைக்குள் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 32 சதுர அடிதான்.

ஜன்னல் கேபினுக்கு நான் பெரும்பாலும் பணம் கட்டமாட்டேன். கண்ணாடியைத் திறக்க முடியாது, காற்று வராது. ஆனால் இரண்டு வகை ஆட்களுக்கு அது சரியான தேர்வு. நடக்கப் பழகிய கைக்குழந்தையை வைத்திருப்பவர்கள். பால்கனிக் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். அப்புறம், மூடிய அறையில் மூச்சு முட்டுகிற மாதிரி உணர்பவர்கள். வெளிச்சமும் தொடுவானமும் கண்ணில் பட்டாலே அவர்களுக்குப் பாதி தெம்பு வந்துவிடும்.

இனி பால்கனி. மலாக்கா நீரிணை வெக்கையும் புழுக்கமும் உள்ள இடம். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். திறந்தே வைத்தால் அறைக்குள் ஏசி தோற்றுப்போகும். பினாங்கில் பகல் முழுக்க ஜார்ஜ் டவுனில் சுற்றுவீர்கள், புக்கெட்டில் படோங் கடற்கரையில் இருப்பீர்கள். ஆக மூன்று இரவுப் பயணத்தில் பால்கனி உண்மையில் பயன்படும் நேரம் கிளம்பும் மாலை, அடுத்து வரும் அந்தி, ஓரிரு விடியற்காலை. அந்த முதல் மாலையை மட்டும் குறைத்துச் சொல்லமாட்டேன். மரினா பே கப்பல் முனையத்தை விட்டு நகர்ந்ததும், நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களுக்கு நடுவே போகும். இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக விளக்குப் போட, கடல் மேல் ஒரு ஊரே எழுந்த மாதிரி இருக்கும். மேல் டெக்கிலிருந்தும் இதைக் காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் அங்கே பாட்டுச் சத்தமும் கூட்டமும் கூடவே வரும்.

பக்கமும் முக்கியம். வடமேற்காகப் போகும்போது இடப்பக்கத்தில் சூரியன் மறையும். நீரிணையில் கப்பல்கள் வலப்புறம் ஒதுங்கிப் போவதால், எதிரே வரும் எண்ணெய்க் கப்பல்களும் இடப்பக்கமாகத்தான் கடக்கும். திரும்பி வரும்போது சூரியன் மறைவது வலப்பக்கத்துக்கு மாறிவிடும்; எதிரே வரும் கப்பல்கள் அப்போதும் இடப்பக்கம்தான். அலாஸ்கா பயணம் என்றால் கதையே வேறு. மணிக்கணக்கில் கரையை ஒட்டிப் பனிமலைகளைப் பார்த்துக்கொண்டு போகும் அந்தக் குளிரில், போர்வையோடு பால்கனியில் உட்கார்வதற்குக் கொடுக்கும் பணம் தகும்.

பால்கனி அறையைவிடப் பெரிய ஜூனியர் சூட்டைப் பற்றி இரண்டு வரி போதும். இடம் தாராளம், துணி வைக்க அலமாரி பெரிது. ஆனால் அடிக்கடி பயணிப்பவர்களுக்கு நிறுவனம் தரும் உறுப்பினர் புள்ளிகளுக்காக யாரும் இதை ஏலத்தில் கேட்க வேண்டாம். சூட்டில் நேரடியாகப் பதிவு செய்தவருக்கு இரவுக்கு இரண்டு புள்ளி; ராயல்அப் வழியாக ஏறியவருக்கு முதலில் வாங்கிய கேபினின் கணக்குதான்.

பலர் சறுக்குவது ஏலக் கணக்கில். நீங்கள் எழுதும் தொகை தலைக்கு, அறைக்கு அல்ல. 90 டாலர் என்று எழுதினால், இரண்டு பேருக்கும் சேர்த்து அட்டையில் போவது 180. தனியாகப் போனாலும் இரண்டு பேருக்கான தொகைதான். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கூடுதலாக இல்லை என்பதால், குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் கொஞ்சம் லாபம். பக்கத்தில், கிடைக்கும் வாய்ப்பைக் காட்ட, சிவப்பிலிருந்து பச்சைக்கு நகரும் முள் ஒன்று இருக்கும். பச்சைக்கு வந்தாலும் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அவர்கள் ஏற்கும் வரை தொகையை மாற்றலாம், விலக்கிக்கொள்ளலாம். ஏற்றபின் பணம் திரும்பாது. ஏலத்தில் கேட்கும் முன், அதே பயணத்தின் பால்கனி இன்று என்ன விலைக்கு விற்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். முழுப் பணம் கட்டும் கெடு தாண்டவில்லை என்றால், ஃபோன் போட்டு வித்தியாசத்தைக் கட்டி மாறுவது சில சமயம் மலிவாகவே முடியும்.

அப்படி மாறுவதில் இன்னொரு ஆதாயம், கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஏலத்தில் எந்த டெக், எந்த மூலை என்று சொல்ல முடியாது. குவாண்டம் வகைக் கப்பல்களில் நீச்சல்குளம் இருப்பது 14ஆம் டெக்கில்; அதற்கு நேர் கீழே 13இல் விழுந்தால் காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் வழக்கமாகக் கரையைத் தொடாமல் நங்கூரம் போட்டு, படகில்தான் இறக்குவார்கள். முன்பக்கம் கீழ் டெக்கில் இருப்பவர்களை அந்தச் சங்கிலி எழுப்பிவிடும். கப்பலின் நடுவில், கீழ் டெக்கில் இருக்கும் உள் கேபினில்தான் ஆட்டம் மிகக் குறைவு. அம்மா, அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் அதை விட்டுக் கொடுக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து அறையாகப் பதிவு செய்திருக்கும் குடும்பமும், ஒரு அறைக்கு மட்டும் ஏலம் கேட்டால் ஆளுக்கொரு டெக்கில் போய் விழ வேண்டியிருக்கும்.