மோன் செனி: கணவாயின் மேல் ஒரு பாதை, மலைக்குள் ஒரு பாதை

1860களின் நடுவில் பாரிஸிலிருந்து இத்தாலி நோக்கிச் செல்லும் ரயில் சேன் மிஷேல் என்ற ஊரோடு நின்றுவிடும். இத்தாலியின் தூரின் நகரிலிருந்து வரும் ரயில் சூசாவோடு நின்றுவிடும். இடையில் ஆல்ப்ஸ் மலையும், 2,083 மீட்டர் உயரத்தில் மோன் செனி கணவாயும் இருந்தன. நெப்போலியன் காலத்தில் அமைத்த சாலை வழியே குதிரை வண்டியிலும், பனிக்காலத்தில் சறுக்கு வண்டியிலும்தான் பயணிகள் அந்த இடைவெளியைக் கடந்தார்கள். இதை நிரப்ப இரண்டு வழிகள் ஒரே காலத்தில் போட்டியிட்டன. ஒன்று மலையைக் குடைந்து செல்லும் ஃப்ரெஜூஸ் சுரங்கம். மற்றொன்று கணவாயின் மேலேயே ஏறி இறங்கும் ஃபெல் ரயில்பாதை. சுரங்கம் வென்றது, ஃபெல் பாதை தோற்றது என்று ஒரு வரியில் முடிப்பதுதான் வழக்கம். அந்தத் தீர்ப்பில் பாதி மட்டுமே சரி என்பது என் கருத்து.

முதலில் தொடங்கியது சுரங்கம்தான். 1857இல் வேலை ஆரம்பித்தபோது மலையின் இருபுறமும், பின்னர் இத்தாலியாக மாறிய சார்டீனிய அரசின் நிலமாகவே இருந்தன. 1860ஆம் ஆண்டின் தூரின் ஒப்பந்தப்படி மலையின் ஒரு பக்கமான சவோய் பகுதி பிரான்ஸுக்குச் சென்றதால், ஒரே நாட்டுக்குள் தோண்டத் தொடங்கிய சுரங்கம் பாதி வேலையில் இரண்டு நாடுகளுக்கு நடுவே வந்து நின்றது. தோண்டும் பொறுப்பை இத்தாலியத் தரப்பே தொடர, தன் பக்கத்துப் பாதிக்குப் பிரான்ஸ் பணம் தருவதென்றும், வேலை 25 ஆண்டுகளுக்குள் முடிந்தால் மிச்சமாகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதல் தொகை தருவதென்றும் உடன்பாடு ஏற்பட்டது. 25 ஆண்டு என்ற அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபெல் பாதையின் வாழ்வும் சாவும் அதில்தான் அடங்கியிருந்தன.

ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பாரக்ளஃப் ஃபெல் யோசித்தது இதுதான்: சுரங்கம் முடியும்வரை மக்களும் தபாலும் ஏன் குதிரையை நம்பியிருக்க வேண்டும்? சாலையின் ஓரத்திலேயே 77 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் பதித்துவிட்டால் போதுமே. பிரிட்டனிலிருந்து இந்தியா செல்லும் தபாலைப் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குப் பதிலாக இத்தாலியின் தென்கோடியிலுள்ள பிரிந்திசி வழியாக அனுப்பினால் கடல்வழித் தூரம் குறையும் என்பது முதலீட்டாளர்களின் பெரிய நம்பிக்கை. புகழ்பெற்ற ரயில் ஒப்பந்தக்காரர் தாமஸ் பிராஸியும் இதற்குத் துணை நின்றார்.

தொழில்நுட்பத்தில் இவ்விரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். சில இடங்களில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் ஏறும் சாலையில், சாதாரண எஞ்சினின் சக்கரம் வழுக்கி ஓரிடத்திலேயே சுழலும். அதனால் ஃபெல் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றைச் சற்று உயரமாகப் பதித்தார். எஞ்சினின் அடியில் படுக்கைவாட்டில் அமைந்த சக்கரங்கள் இருபுறமிருந்தும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை மேலே இழுத்தன. இறங்கும்போது பிரேக் கட்டைகளும் அதே நடுத் தண்டவாளத்தையே கவ்வின. மலையை அப்படியே ஏற்றுக்கொண்டு எஞ்சினை மாற்றிய முறை இது. சுரங்கமோ எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு மலையை மாற்றியது. பாதையின் உச்சி சுமார் 1,300 மீட்டராகத் தாழ்ந்ததால், ஏறத்தாழ 800 மீட்டர் ஏற்றம் இல்லாமலே போயிற்று. 12 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அதன் ஊடாக வழக்கமான அகலமுள்ள பாதையில் முழு ரயிலே செல்லலாம். ஃபெல் பாதையின் அகலம் 1,100 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், அங்கே இரு முனைகளிலும் பயணிகளும் சரக்கும் வண்டி மாறியே ஆக வேண்டும். பனிச்சரிவுக்கு அஞ்சி மேலே கூரை வேய்ந்த பகுதிகள் வேறு. சுமையிலும் வசதியிலும் சுரங்கத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் காலத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1866இல் பெருவெள்ளம் வேலையைச் சிதைத்தது. பிரான்ஸில் செய்த எஞ்சின்கள் தொடக்கத்தில் அடிக்கடி பழுதாகின. அவ்வளவுக்குப் பிறகும் 1868 ஜூனில் ஃபெல் பாதை திறந்துவிட்டது. குதிரை வண்டியில் நாளின் பெரும்பகுதியைத் தின்ற பயணம் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்தது. சுரங்கம் திறந்தவுடன் பாதையை மூடிவிட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. சுரங்க வேலைக்கு அந்த 25 ஆண்டுகளும் ஆகியிருந்தால், ஃபெல் பாதைக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயுள் கிடைத்திருக்கும். கிடைத்தது மூன்றாண்டுகளும் சில மாதங்களும்தான்.

அதற்குக் காரணம் ஜெர்மேன் சொமெய்யே என்ற பொறியாளரும் அவருடைய துளைக்கருவியும். மலை முகட்டுக்கும் சுரங்கத்துக்கும் இடையில் சில இடங்களில் 1,600 மீட்டர் பாறை இருந்ததால், மேலிருந்து கிணறு போல இறக்கி நடுவிலும் வேலை தொடங்க வழியில்லை. மோடான், பர்தோனெக்கியா என்ற இரண்டு முனைகளிலிருந்து மட்டுமே குடைய முடியும். கையால் துளையிட்டபோது வேலை நத்தை வேகத்தில் நகர்ந்தது. மலையோடைகளின் நீர்விசையால் காற்றை அழுத்தி, அதைக் குழாய் வழியே பாறை முகப்புக்குக் கொண்டுபோய்த் துளைக்கருவிகளை இயக்கினார் சொமெய்யே. கருவியிலிருந்து வெளியேறிய அதே காற்று உள்ளே வேலை செய்தவர்களுக்கு மூச்சுக்காற்றாகவும் உதவியது. 1870 டிசம்பரில் இரு பக்கமும் சந்தித்தன. 1871 செப்டம்பர் 17 அன்று சுரங்கம் திறந்தது. அதைக் காண சொமெய்யே உயிரோடில்லை. அந்த ஜூலையில்தான் அவர் இறந்திருந்தார்.

ஃபெல் பாதையை உண்மையில் வீழ்த்தியது, அதைத் தொடங்கியவர்கள் எதிர்பார்த்திராத இந்த வேகம்தான். இடைக்காலத் தேவைக்கு இடைக்காலத் தீர்வாக அது சொன்னதைச் செய்தது. முதலீட்டாளர்கள் நட்டப்பட்டதைக் காட்டி அந்தப் பொறியியலைக் குறை சொல்வது நியாயமல்ல. அதே நடுத் தண்டவாள முறையில் நியூசிலாந்தின் ரிமுடாகா மலையில் 1878இல் ஒரு பாதை தொடங்கி, 77 ஆண்டுகள் ஓடியது. 1955இல் அதை மூடியதற்கும் காரணம், மலையைக் குடைந்து புதிதாக அமைத்த 8.8 கிலோமீட்டர் சுரங்கமே.