இரட்டைக் குழந்தைகள்: சுகப்பிரசவமா, சிசேரியனா, எந்த வாரத்தில்?

வயிற்றில் இரண்டு என்று தெரிந்த அன்றே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்: "ரெட்டைன்னா ஆபரேஷன்தானே?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் இது தெளிவாகத் தெரியும். ரிப்போர்ட்டில் டிசிடிஏ என்றிருந்தால் நஞ்சும் பனிக்குடமும் தனித்தனி. எம்சிடிஏ என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. எம்சிஎம்ஏ என்றால் இரண்டுமே பொது. பிரசவத் தேதியை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த நாலு எழுத்துதான். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எம்சிஎம்ஏ அபூர்வம், அதில் யோசிக்கவும் இடமில்லை. இரண்டு தொப்புள்கொடியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் என்பதால் 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் செய்கிறார்கள். எம்சிடிஏவுக்கு பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 36 வாரம் என்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 34 முதல் 38 வாரத்துக்குள் என்று அகலமாக விடுகிறார்கள். ஒரே நஞ்சைப் பங்கு போடும்போது ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும் ஆபத்து உண்டு. 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான். டிசிடிஏவுக்கு பிரிட்டனில் 37 வாரம், அமெரிக்காவில் 38 முடிந்து 39 தொடங்குவதற்குள். அதற்கு மேல் காத்திருந்தால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து கூடுகிறது.

தள்ளிப்போடுவதைவிட நம் ஊரில் என்னைக் கவலைப்பட வைப்பது முன்னால் இழுப்பதுதான். நல்ல நட்சத்திரம் அடுத்த வாரம் இல்லை என்று 35 வாரத்திலேயே தேதி கேட்கும் குடும்பங்கள் உண்டு. 35 வாரத்துக் குழந்தை பார்க்க முழுசாகத்தான் இருக்கும். ஆனால் நாலு தடவை சப்பியதும் களைத்துத் தூங்கிவிடும், உடம்பு சில்லிட்டுப் போகும், மூச்சு வாங்கும். வலியே வராமல் சிசேரியனில் எடுத்தால் மூச்சுத் திணறல் இன்னும் கூடுதல். மருத்துவர் சொன்ன வாரத்துக்குள் நல்ல நேரம் பாருங்கள், அதில் தவறில்லை. அந்த வாரத்துக்கு முன்னால் இழுக்காதீர்கள்.

சரி, எப்படிப் பெறுவது? முதலில் வரும் குழந்தை தலை கீழாக இல்லாவிட்டால் பெரும்பாலும் சிசேரியன்தான். தலை கீழே இருந்தால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. இதைச் சோதித்த பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. 25 நாடுகள், 2,804 தாய்மார்கள், எல்லோருக்கும் முதல் குழந்தை தலை கீழே. குழந்தை இறப்போ கடுமையான பாதிப்போ சிசேரியன் என்று திட்டமிட்டவர்களின் குழந்தைகளில் 2.2 சதவீதம், சுகப்பிரசவம் என்று திட்டமிட்டவர்களின் குழந்தைகளில் 1.9 சதவீதம். அதாவது, குழந்தைகளுக்குச் சிசேரியன் கூடுதல் பாதுகாப்பு தரவில்லை. ஆனால் சுகப்பிரசவம் என்று போனவர்களில் 43.8 சதவீதம் பேருக்குக் கடைசியில் சிசேரியன் ஆனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 100இல் சுமார் நாலு பேருக்கு முதல் குழந்தை தானாகப் பிறந்து, இரண்டாவதற்குக் கத்தி வைக்க வேண்டியிருந்தது.

அந்த ஆய்வு நடந்த இடங்களில் இரண்டாவது குழந்தையை எடுக்கப் பழகிய கைகள் இருந்தன. முதல் குழந்தை வந்து கொடியைக் கிளாம்ப் போட்டதும் வயிற்றுக்குள் திடீரென்று இடம் கிடைக்கும். இரண்டாவது குறுக்கே திரும்பிவிடலாம். ஒருவர் வெளியிலிருந்து வயிற்றை இரு கையாலும் நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்கேன் வைத்துத் தலையா காலா என்று பார்ப்பார். பிரசவ வலி குறைந்தால் அதைக் கூட்டும் ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். கால் கீழே இருந்தால் அதைப் பிடித்தே பக்குவமாக எடுத்துவிடத் தெரிந்தவர் வேண்டும். மயக்க மருத்துவரும் பச்சிளங்குழந்தை மருத்துவரும் அப்போது கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். போன் போட்டால் வருவார் என்பது போதாது.

ஆகவே என் கருத்து இது. தலை கீழே, வாரம் சரி, அரசு மருத்துவக் கல்லூரியின் சீமாங் மையம் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) போல ராத்திரியிலும் ஆள் இருக்கும் இடம் என்றால் சுகப்பிரசவத்துக்கு முயல்வதே மேல். தையல் வலியோடு இரண்டு பேருக்குப் பால் கொடுப்பது சாதாரணமில்லை. சுகப்பிரசவமானால் அடுத்த கர்ப்பத்துக்கும் கர்ப்பப்பையில் தழும்பு இருக்காது. இந்த வசதி இல்லாத சின்ன நர்சிங்ஹோம் என்றால் அங்கே திட்டமிட்ட சிசேரியன் நல்லது, அல்லது 32 வாரத்துக்குள் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பல வருடம் காத்திருந்து ஐவிஎஃப்பில் உண்டானது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஆனால் அம்மாவுக்கே பயம் அதிகமென்றால், அவர் சிசேரியன் கேட்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

எந்த வழியானாலும் ரத்தப்போக்கு ஆபத்து இரண்டிலும் உண்டு. இரட்டையைத் தாங்கி விரிந்த கர்ப்பப்பை சட்டென்று சுருங்காது. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். 34 வாரத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்து, உங்கள் பிரிவு ரத்தம் அங்கே தயாராக இருக்குமா என்று மருத்துவமனையில் கேட்டு வையுங்கள்.