25 வெள்ளி ஆண்டெனா: அம்மாவின் சீரியலும் மாதக் கட்டணமும்

ஜாலான் புசார் பக்கம் ஒரு மின்பொருள் கடையில், இலவச அலைவரிசைகளைப் பிடிக்க 25 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய தட்டை டிவி ஆண்டெனா இது. கனமே இல்லை, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடலாம். பெட்டியில் ‘120 மைல் தூரம் பிடிக்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரே கிழக்கு மேற்காக சுமார் 50 கிலோமீட்டர்தான்!

எங்கள் வீட்டில் கட்டணச் சேனல்களுக்கு மாதம் 40 வெள்ளிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் நிறுத்தச் சொன்னேன். அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார்களா? ஆள் மாற்றி ஆள் பேசி, ஆளுக்கொரு சலுகை சொன்னார்கள். வேண்டாம் என்று ஒரே பதிலைச் சொல்லித் தப்பித்தேன்.

சிங்கப்பூரில் 2019 பிறந்ததோடு பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. ஆகவே வாங்குமுன் உங்கள் டிவியில் டிவிபி-டி2 வசதி, அதாவது இங்குள்ள டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தனியாக ஒரு டிஜிட்டல் பெட்டி வேண்டும். அப்புறம் மாதச் செலவு எதுவும் கிடையாது. வருடம் 110 வெள்ளி கட்டிய டிவி உரிமக் கட்டணம்கூட 2011லேயே போய்விட்டது.

உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தமிழ் அலைவரிசையான வசந்தம் பளிச்சென்று வருகிறது. ஜொகூர் எதிரிலேயே இருப்பதால், மலேசியாவிலும் டிவிபி-டி2 என்பதால், அந்தப் பக்கத்து அலைவரிசைகளும் சில எட்டிப் பார்க்கின்றன. மலேசிய அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம்மில் தமிழ்ச் செய்தி கிடைத்ததில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். பலத்த மழை என்றால் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்.

மின்சாரம் மிச்சமாகும் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எங்கள் டிவி 80 வாட். டிவி ஓடுவதைத் தினம் நான்கு மணி நேரம் குறைத்தாலும், யூனிட் 30 காசு கணக்கில் மாதம் 3 வெள்ளிதான் குறையும். பழைய கட்டணப் பெட்டியோ, ரிமோட்டில் அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும். 10 வாட் என்று வைத்தால்கூட அது மட்டும் மாதம் 2 வெள்ளி! உண்மையான மிச்சம் அந்த 40 வெள்ளிதான்.

அம்மா சீரியலுக்காகச் சண்டை போடுவார் என்று என் மனைவி பயந்தாள். முதல் வாரம் முகம் தூக்கி வைத்திருந்தார், அது உண்மை. இப்போது இரவு 8.30 செய்தி, அதன் பிறகு வசந்தத்தில் ஒரு நாடகம், அத்தோடு சரி. “காலையிலிருந்து ஓடிக்கிட்டே இருந்துச்சு, என்ன பார்த்தேன்னு கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லடா” என்கிறார். பகலில் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துத் தமிழ்ப் புத்தகம். 21 நாள் தவணை அவருக்குப் போதவில்லை, புதுப்பித்துத் தரச் சொல்கிறார்.

எனக்குத்தான் கிரிக்கெட் போச்சு. முக்கியமான ஆட்டத்துக்கு மச்சான் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன். அவன் வாங்கித் தரும் பரோட்டாவையும் மிச்சக் கணக்கில் சேர்க்கலாமோ என்னவோ.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். ஒட்டும் பசை மட்டம், வெயில் பட்டதும் கழன்று விழுகிறது. ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். கூட வரும் கேபிளும் ஜன்னலிலிருந்து டிவிவரை எட்டாது, நீளமானதாக ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.