22 அடிப் பலகையில் ஒரு கேரம் கை

தூத்துக்குடியில் அண்ணன்மாரோடு ஆடத் தொடங்கியதில் இருந்து கேரம் பலகையில் நாற்பது வருடம் பழகிய விரல் எனக்கு. மகளைப் பார்க்க டெக்ஸாஸ் வந்த இடத்தில், சான் அன்டோனியோவில் அவள் வீட்டுக்கு அருகே உள்ள ஓர் உணவகத்தில் மேசை ஷஃபிள்போர்டு, அதாவது நீண்ட மேசையில் கையால் வட்டுகளைத் தள்ளி ஆடும் ஆட்டம், இருப்பதைக் கண்டேன். மூன்று செவ்வாய்க்கிழமைகள் போய் ஆடியாயிற்று. ஒரு குறை சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

மேசை முழு அளவு, 22 அடி. ஆடும் தளத்தின் அகலமோ 20 அங்குலம்தான். மேப்பிள் மரத்தின் மேல் கண்ணாடி போன்ற பூச்சு; சுற்றிலும் பள்ளம், விழுந்த வட்டு அதற்குள் போய்விடும். ஆளுக்கு நான்கு வட்டுகள், சிவப்பும் நீலமும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 340 கிராம். 15 கிராம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிய கைக்கு இது வேறு உலகம். கேரமுக்கு போரிக் பவுடர் என்றால், இதற்குப் பொடிப்பொடியான சிலிக்கோன் மணிகள். மெழுகு என்றுதான் அதைச் சொல்கிறார்கள்.

இங்கே சுண்டவே கூடாது. வட்டின் மேல் விரல்களை வைத்து, கையை முன்னே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். என் முதல் நான்கு வட்டுகளும் மறுமுனைப் பள்ளத்தில் விழுந்தன. "ஆச்சி, தொட்டிலை ஆட்டுவது போலத் தள்ளுங்கள்" என்று பேத்தி சொன்ன பிறகுதான் ஐந்தாவது நின்றது.

விதிகளைச் சொல்லித்தந்தவர் அங்கே பணிபுரியும் ஒரு பெண்மணி. அவருடைய பொறுமைக்காகவே இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் தருவேன். சுவரில் மாட்டிய விதிப்பட்டியலைக் காட்டிவிட்டுப் போகாமல், நான்கு வட்டுகளைப் பலகையில் வைத்தே விளக்கினார். எதிர்முனையின் ஃபவுல் கோட்டை, அதாவது அந்தப் பக்கத்தில் முதலில் வரும் கோட்டை, தாண்டாத வட்டுக்கு மதிப்பில்லை. தாண்டினால் 1; அடுத்த கோட்டுக்கு அப்பால் 2; கடைசிக் கட்டத்தில் 3. கோட்டின் மேல் நிற்கும் வட்டுக்குக் குறைந்த எண்தான். பாண்டி ஆட்டத்தில் சில்லு கோட்டில் விழுந்தால் ஒப்புக்கொள்ள மாட்டோமே, அதே கண்டிப்பு.

பலகையின் மறுமுனை விளிம்பில் கொஞ்சம் வெளியே தொங்கி நிற்கும் வட்டுக்கு 4. ஹேங்கர் என்கிறார்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு வட்டைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பை ஒட்டி நகர்த்துவார்கள்; தொங்குவதில் அது பட்டால் 4 உறுதி. இரண்டாம் வாரம் எனக்கு அப்படி ஒரு ஹேங்கர் கிடைத்தது. கை நடுங்கியது எனக்கல்ல, அளந்து பார்த்த மாப்பிள்ளைக்கு.

என்னை மிகவும் பிடித்து இழுத்தது எண்ணும் முறை. ஒரு சுற்றில் என் நீல வட்டுகள் 3, 2, 1 என்று நின்றன. ஆறு கிடைக்கும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் சிவப்பு வட்டு ஒன்று 2-ஆம் கட்டத்தில், என்னுடையதைவிட நான்கு விரற்கடை முன்னால் இருந்தது. "அத்தை, என்னுடையதைத் தாண்டி நிற்பது மட்டும்தான் கணக்கு" என்றார். எனக்கு 3, அவருக்கு ஒன்றுமில்லை. ஒரு சுற்றில் ஒருவருக்கு மட்டுமே புள்ளி. கேரமிலும் காய்களை முடித்தவருக்குத்தானே எதிராளியின் மீதிக் காய்கள் எண்ணாகின்றன! அந்த நொடியில் ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. தன் வட்டை முன்னே கொண்டுபோவதோடு, எதிராளியின் முன்னணி வட்டைத் தட்டிவிடுவதும் வேலைதான்.

தனியாள் ஆட்டத்தில் இருவரும் ஒரே முனையில் நின்று மாறி மாறி எட்டு வட்டுகளையும் தள்ளிவிட்டு, மறுமுனைக்கு நடந்து போய் அங்கிருந்து தள்ள வேண்டும். 15 முதலில் எடுப்பவர் வெற்றி. சுற்றை வென்றவர் அடுத்ததில் முதலில் தொடங்குகிறார். தோற்றவருக்குக் கடைசி வட்டு. அதற்கு ஹாமர் என்று பெயர். தோற்றவருக்குக் கடைசி வாய்ப்பைக் கையில் கொடுத்த இந்த விதியை வகுத்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இனி குறை. மேசையின் ஒரு முனையில் வட்டு எப்போதும் இடப்புறமாகவே சாய்கிறது. மரம் ஈரப்பதத்தில் வளையும். அதைச் சரிசெய்யத்தான் அடியில் திருகுகள் இருக்கின்றன. யாரும் அவற்றைத் தொட்டதாகத் தெரியவில்லை. 2-க்கும் 3-க்கும் இடையிலான கோடும் தேய்ந்துவிட்டதால், மூன்றா இரண்டா என்று இரண்டு முறை வாதம் வந்தது. நல்ல பலகையை இப்படி விடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மேலாளரிடம் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டில் உருளைக்கிழங்கு வறுவல் நன்று, மற்றது சுமார். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம். நாலு மணிக்குப் போனால் மேசை காலியாக இருக்கும். மெழுகைப் புதிதாகத் தூவித் தரச் சொல்லுங்கள், மறுக்காமல் செய்கிறார்கள்.