உப்புக்காற்றில் ஏர்பிரஷ்: கன்னுக்கு முன்னால் கம்ப்ரசரைப் பாருங்கள்

பிளாஸ்டிக் மாடலுக்கு ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி, வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கையில் பிடித்து அடிக்கும் கன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, பெயின்ட் வெளிவரும் நாசில் எத்தனை எம்எம் என்று. மதுரைக்காரருக்கு அந்த வரிசை சரியாக இருக்கலாம். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி இருக்கிறவர்கள் அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரிலிருந்து ஆரம்பியுங்கள். மண்டபத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காக 1/72 அளவு விமான மாடலும் கப்பல் மாடலும் பெயின்ட் அடித்த பழக்கத்தில் சொல்கிறேன்.

காரணம் ஈரம். அழுத்தும்போது காற்று சூடாகும், டியூபில் போகப் போக ஆறும், ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். ஐப்பசி மழையில் ஒளி ஊடுருவும் டியூபாக இருந்தால் உள்ளே முத்து முத்தாகக் கோத்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதில் ஒரு சொட்டு கன்னுக்குள் போனால் போதும். இறக்கையில் சீராக விழுந்துகொண்டிருந்த சாம்பல் பெயின்டின் நடுவே சடக்கென்று துப்பி, ஓரம் தடித்த ஒரு வட்டத்தை வைத்துவிடும். காய்ந்த பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் டேங்க் உள்ள கம்ப்ரசர். நான் வைத்திருப்பது ஏஎஸ்-186 வகை: 3 லிட்டர் டேங்க், அழுத்தம் 3 பாருக்கு இறங்கினால் தானாக ஓடும், 4 பாரில் நிற்கும். காற்று டேங்கிலேயே கொஞ்சம் ஆறிவிடுவதால் பாதித் தண்ணீர் அங்கேயே தங்கிவிடுகிறது. வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர் பீச்சும். மழைக்காலத்தில் இதை ஒருநாளும் விடாதீர்கள். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரோடு வரும் மாய்ஸ்சர் ட்ராப், அதாவது ஈரம் பிடிக்கும் குப்பி, நம் ஊருக்குப் போதாது. கன்னுக்குப் பக்கத்தில், டியூபின் நுனியில் இன்னொரு சின்ன ட்ராப் மாட்டினேன். அங்கே வருவதற்குள் காற்று ஆறியிருக்கும் என்பதால் மிச்சத்தை அதுதான் பிடிக்கிறது. இத்தனை வருஷத்தில் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான் என்பேன்.

கரண்ட் போனால்? டேங்கில் மிஞ்சும் காற்று ஒரு நிமிஷம் தாங்குவதே பெரிது. அதைப் பெயின்ட் அடிக்கச் செலவழிக்காமல், கப்பில் தின்னர் ஊற்றி கன்னைக் கழுவிவிடுங்கள்.

கன்னின் அடியிலேயே மாட்டும் சார்ஜ் கம்ப்ரசர்கள் இப்போது மலிவாக வருகின்றன. டேங்க் கிடையாது, ட்ராப் கிடையாது, கை வலிக்கும். நம் பக்கத்துக்கு வேண்டாம். எங்கள் ஊர் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர், "பழைய கம்ப்ரசர் ஒண்ணு சும்மா கெடக்குண்ணே, சத்தமே வராது, செஞ்சு தாரேன்" என்றார். சத்தம் வராது, உண்மை. ஆனால் காற்றோடு எண்ணெயும் வரும், பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். சேஃப்டி வால்வு இல்லாத பழைய சிலிண்டரை டேங்காக வீட்டுக்குள் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கன் விஷயத்தில் டூயல் ஆக்‌ஷன் (அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட்), மேலே கப் உள்ள கிராவிட்டி வகை, 0.3 நாசில். இதற்குமேல் முதல் வருஷம் யோசிக்கவே தேவையில்லை. 0.2 பார்க்க ஆசையாக இருக்கும், நம் வெயிலில் நுனியிலேயே பெயின்ட் காய்ந்து அடைக்கும். கடையில் கிடைக்கும் கன்களில் இவாட்டா நியோ சிஎன்னின் நாசில் 0.35, பேட்ஜர் பேட்ரியாட் 105-இன் நாசில் 0.5; பேட்ஜரின் மரை வேறு, அடாப்டர் இல்லாமல் சாதாரண டியூபில் ஏறாது. எதை வாங்கினாலும் நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். செட்டோடு இலவசமாக வந்த பெயரில்லாத கன் ஒன்று என்னிடம் இருக்கிறது. அடிப்பது மோசமில்லை. ஆனால் ஒரே மழைக்காலத்தில் கப்பின் கழுத்தில் முலாம் பொரிந்து, பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. இப்போது பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு மட்டும். நல்ல கன்னையும் இங்கே மேசைமேல் விட்டுவைக்கக் கூடாது. துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறேன்.

பெயின்டில் டாமியா அக்ரிலிக்தான் பழகச் சுலபம். எக்ஸ்-20ஏ தின்னரோடு பாதிக்குப் பாதி, பால் பதம், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் (ஒரு பாருக்கு மேல் கொஞ்சம்). தண்ணீரில் கரையும் வல்லெஹோ பெயின்ட் வாங்கினால் அதற்குரிய தின்னரையே ஊற்றுங்கள். ஆல்கஹாலோ ஹார்டுவேர் கடை என்சி தின்னரோ பட்டால் திரிந்து ரப்பராகிவிடும். என்சி தின்னர் கப்பைக் கழுவ நல்லது, ஆனால் கன்னை அதில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் சாதாரண ஓரிங் (ரப்பர் வளையம்) உப்பிவிடும். சீக்கிரம் காயும் லாக்கர் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு ஈர நாளில் மேலே அடிக்கும் பளபளப்புப் பூச்சு (கிளாஸ் கோட்) வெள்ளை பூக்கும். மிஸ்டர் லெவலிங் தின்னரில் காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் இருப்பதால் அது ஓரளவு காப்பாற்றுகிறது. அடைமழை நாளில் எதுவும் காப்பாற்றாது, ஒட்டுகிற வேலையைப் பாருங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் வேறு தொல்லை: மணல். ஜன்னலைத் திறந்தால் ஈரக் கோட்டில் பொடி உட்காரும், மூடினால் புகை உள்ளேயே சுற்றும். காற்று தணிந்திருக்கும் விடியற்காலையில் அடித்து, உடனே பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுகிறேன். முகத்துக்குத் துணி மாஸ்க் போதாது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ளதை வாங்குங்கள். அந்தக் கார்ட்ரிட்ஜையும் வேலை முடிந்ததும் ஜிப் கவரில் போட்டு மூட வேண்டும். திறந்து கிடந்தால் சும்மாவே வீணாகிக்கொண்டிருக்கும்.