வாரிய வீடா, சொந்த மனையா? தாரா, சிமெண்டா, பேவர் பிளாக்கா?

மதுரையில் என் அத்தை வீட்டுக்கு முன்பெல்லாம் இரண்டு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பழைய தாரின் மேலேயே புதுத் தார், அப்புறம் அதன் மேல் சிமெண்ட் என்று போட்டுப் போட்டு இன்று வீட்டுத் தரை சந்து மட்டத்தைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்து கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் வாசலில் மணல் மூட்டையை அடுக்கிவிட்டுத்தான் அத்தை படுப்பார். ஏழைக்கு வீடு கட்டிக் கொடுப்பது ஒரு கோப்பு, தெருவைச் சரிசெய்வது இன்னொரு கோப்பு என்று பிரித்துப் பேசுவதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் வாசற்படியில் வந்து முட்டுகின்றன.

முதலில் வீடு. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இங்கே முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம்தான். இன்னொன்று, சொந்த மனையில் நாமே கட்டிக்கொள்ள மானியம். 2015-இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், ஆக 2.10 லட்சம் ரூபாய், வேலை நகர நகரத் தவணையாக வந்தது. 2024-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மாநிலப் பங்கு குறைந்தபட்சம் 1 லட்சம்.

வாரிய வீட்டில் கட்டும் தலைவலி இல்லை. சாவியை வாங்கிக் குடி போகலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஊருக்கு வெளியே, ஒத்தக்கடைப் பக்கம் ராஜாக்கூரில் இருக்கும் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கீழமாரட் வீதி வெங்காய மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் வைகைக் கரையில் குடியிருந்தால் நடந்தே வேலைக்குப் போவார். ராஜாக்கூரிலிருந்து அவருக்கு பஸ் வேண்டும், விடியலுக்கு முன்பே வேண்டும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, சரி. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு வழியில் போகும் ஒரு மணி நேரம் என்பது ஒரு வீட்டுச் சம்பளம்.

அதனால் பட்டா இருப்பவர்களுக்குச் சொந்த மனை மானியம்தான் நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. வேலை, பள்ளிக்கூடம், அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் பக்கத்து வீடு எதுவும் கைவிட்டுப் போகாது. கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரப் புறம்போக்கிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கதவே திறக்காது. அவர்களுக்கு வாரிய வீடு ஒன்றுதான் வழி, ஆகவே அதை ஊருக்குள் கட்டச் சொல்லிக் கேட்பது நம் கடமை.

மானியத்தில் வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் முதலில் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? "ரோடு எப்ப வேணாலும் ஏறும்க்கா, கடைக்காலை மூணடி தூக்கிருவோம்." அந்த மூன்றடிக்குக் கல், கம்பி, நிரப்ப கிராவல், அடித்து இறுக்கக் கூலி. முதல் தவணை தரைக்குக் கீழேயே புதைந்துபோகும். சுவர் எழும்பும்போது காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகும். தெரு மட்டம் ஏறாது என்ற நம்பிக்கை மட்டும் இருந்தால் அந்தப் பணம் கூரைக்கு ஆகும்.

அதனால்தான் சந்துக்கு எதைப் போடுவது என்பது வீட்டுக் கணக்கோடு சேர்ந்தது என்கிறேன். தார் செலவு குறைவு, போட்ட அன்றே வண்டி ஓட்டலாம். ஆனால் தாருக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது. ஆறடிச் சந்துக்குள் ரோலரும் நுழையாது. பெரிய தெருவுக்கு அது போதும்.

சிமெண்ட் உறுதியானது, கழுவிவிட வசதி. குறைந்தது 14 நாள் ஈரச் சாக்குப் போட்டுப் பக்குவப்படுத்தினால் பல வருடம் நிற்கும். ஆனால் பாதாளச் சாக்கடை இணைப்புக்கோ முல்லைப் பெரியாற்றுக் குடிநீர்க் குழாய்க்கோ உடைக்க வேண்டி வந்தால் பிரேக்கர் வைத்துத்தான் உடைக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் பிறகு சேராது.

என் ஓட்டு, பேவர் பிளாக்குக்கு. கல்லை எடுத்து அடுக்கி, குழாயைப் பதித்து, அதே கல்லைத் திரும்பப் பாவலாம். மட்டமும் மாறாது. ஆனால் ஒழுங்காகப் பாவ வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15658, நடக்க மட்டும் உள்ள இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கல்லையும், லேசான வண்டி போகும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கல்லையும் சொல்கிறது. அடியில் நன்றாக இறுக்கி, மணல் படுக்கை போட்டு, இரண்டு ஓரமும் கான்கிரீட்டால் கட்ட வேண்டும். ஓரம் கட்டாமல் விட்டால் ஒரு கல் ஆட ஆரம்பிக்கும், பக்கத்துக் கல்லும் ஆடும். மழையில் மிதித்தால் சேறு முழங்கால் வரை பீச்சும். கம்பு ஊன்றி நடக்கும் அத்தைக்கு ஆடும் கல் சேற்றைவிட ஆபத்து.

எதைப் போட்டாலும் பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பிச் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு அங்குலத்தின் மதிப்பும் தெரியும். உங்கள் வார்டில் மக்கள் குறை சொல்லக் கூடும் பகுதி சபை நடக்கும்போது இதை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்: சுரண்டிவிட்டுப் போடுங்கள், குழாய் வேலை முடிந்தபின் போடுங்கள், தொடங்குமுன் வீட்டுச் சுவர்களில் மட்டக் கோடு போடுங்கள்.

அத்தை வீட்டுச் சுவரில், இப்போதைய சந்து மட்டத்தில், நானே சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்து, கீழே தேதியும் எழுதி வைத்திருக்கிறேன்.