மூக்கு கழுவும் பாட்டில்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

எனக்குக் கிளை நூலகத்தில் வேலை. பழைய கட்டுகளை இறக்கித் தூசி தட்டும் நாளில் பதினைந்து தும்மலுக்குக் குறையாது. பனிக்காலம் வந்துவிட்டால் கண்ணுக்குக் கீழே கல்லைக் கட்டியது போல இருக்கும். குனிந்தால் மேல்பல் வரை வலி தெறிக்கும். அம்மா இதைப் பீனிசம் என்பார். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அரைமணி நேரம் மூச்சு வரும், அப்புறம் பழையபடி அடைத்துக்கொள்ளும்.

இதற்கு நடுவில் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துக்குப் பழகிவிட்டேன். விட்ட சில நிமிடத்தில் மூக்கு திறக்கும், அதுதான் வினை. சில நாளைக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும் என்று எனக்குத் தெரியாது. நான்கு மாதம் போட்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் அதை நிறுத்தச் சொல்லி, மூக்கின் உள்வீக்கத்தைக் குறைக்கும் புளூட்டிகசோன் ஸ்ப்ரேயும், ஸ்ப்ரேக்கு முன்னால் மூக்கைக் கழுவ இந்தப் பாட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

240 மில்லி பிடிக்கிற, அழுத்தினால் அமுங்குகிற பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே அடி வரை ஒரு குழாய், மூக்குத் துளையில் பொருந்தும் குமிழ் மூடி. கூடவே உப்புப் பொட்டலங்கள், சாதாரண உப்பும் சோடா உப்பும் கலந்தவை. முதல் நாள் அவசரத்தில் பொட்டலம் போடாமல் வெறும் தண்ணீரை அடித்துவிட்டேன். கிணற்றில் குதிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறுமே, அதே எரிச்சல் நெற்றி வரை. மறுநாள் உப்புப் போட்டு வெதுவெதுப்பாக அடித்தபோது துளிகூட எரியவில்லை. நம் உடம்பு நீரின் அளவுக்கு, அதாவது 0.9 சதவீதம் உப்பு இருந்தால் மூக்கின் உட்சவ்வு அதை வேற்று நீராக எடுத்துக்கொள்வதில்லை.

வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட வேண்டும். மேல் துளையில் மெல்ல அழுத்தினால் கீழ்த்துளை வழியாக வரும். எனக்கு முதல் வாரம் மஞ்சளாகக் கெட்டியாக வந்தது, சில நாள் புத்தகத் தூசியின் சாம்பல் நிறமும் தெரிந்தது. கழுவிக் கால்மணி நேரம் கழித்து ஸ்ப்ரே. சளியின் மேல் விழுந்து வீணாகாமல் மருந்து சவ்வில் படுவதற்குத்தான் இந்த ஏற்பாடு. இடது துளைக்கு வலது கையால், நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுத்த பிறகுதான் பலன் தெரிந்தது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியம் காட்டாதீர்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதையும் அப்படியே ஊற்றக் கூடாது. நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்ததுதான். கேரளத்தில் 2024-இல் பிள்ளைகளின் உயிரைப் பறித்த மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர் அதனால் இறந்திருக்கிறார்கள். நான் இரவே ஒரு எவர்சில்வர் சொம்பில் கொதிக்க வைத்து மூடிவிடுகிறேன்.

ஒவ்வாமையை இந்தப் பாட்டில் குணப்படுத்தாது. காலைத் தும்மல் எனக்கு நின்றது, தலையணை உறை, போர்வையை வாராவாரம் வெந்நீரில் துவைக்க ஆரம்பித்த பிறகுதான். படுக்கைத் தூசியில் வாழும் பூச்சிதான் அங்கே காரணம். மூக்கு முழுக்க அடைத்திருக்கும் நேரத்தில் பலமாக அழுத்தவும் கூடாது. ஒருமுறை அப்படிச் செய்து காது அடைத்து அரைநாள் அவதிப்பட்டேன். கழுவிய உடனே வெளியே கிளம்பவும் வேண்டாம். கீழ்த்தட்டில் புத்தகம் எடுக்கக் குனிந்தபோது, உள்ளே தங்கியிருந்த தண்ணீர் பொலபொலவென்று பதிவேட்டின் மேல் கொட்டிவிட்டது.

குறை என்றால் அந்த உள்குழாய்தான். கவிழ்த்து வைத்தாலும் உட்புறம் காயவே மாட்டேன் என்கிறது. இரண்டாம் மாதக் கடைசியில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள். அன்றே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பாட்டில் வாங்கினேன். குழாயை மட்டும் தனியாக விற்றால் புண்ணியமாகப் போகும்.